கார்டம்மா நின்ற இடம்

மூங்கில் சிம்புகளுக்குள் கை குடைந்துகொண்டே இருந்தது. வெட்டிப் பிடுங்குகிற வலியென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கலாம். இது எலும்புக்குள் எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. ஒடிந்த கைக்குப் புத்தூரில் போட்ட கட்டு. முட்டை வெள்ளையும் தழையும் அரைத்துப் பூசி, துணி சுற்றி, மேலே சிம்பு வைத்து இறுக்கியிருந்தார்கள். ரங்கன் துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உருவிக் கட்டுக்குள் விட்டான்.

"அத்த விடுயா. உள்ள ஒடிஞ்சிக்கினா மறுபடியும் புத்தூருக்கு ஓடணும்" என்றாள் அவன் பெண்டாட்டி கன்னியம்மாள். அவள் அடுப்பின் முன்னால் குந்திக் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"உனுக்கு இன்னா தெரியும். உள்ள புழு வெச்சிக்கீதோ இன்னாவோ."

"முட்டைய அப்பி வெச்சா புழு வெக்காம பூவா பூக்கும்?"

ரங்கன் கவுதாரி பிடிக்கிறவன். ஐப்பசியில் பறவை எழும்பிய திசையை அண்ணாந்து பார்த்தபடி நடந்தவன், கைப்பிடிச் சுவர் இல்லாத பாழுங்கிணற்றில் காலை வைத்தான். தண்ணீர் இருந்ததால் உயிர் தப்பியது. வலது கை ஒடிந்துபோயிற்று. அதே மழையில் அவனுடைய பழைய நாயும் இருமி இருமிச் செத்தது. ஒரே மாதத்தில் கையும் நாயும் இல்லாதவன் ஆனான்.

கேழ்வரகு அறுத்து முடிந்து கழனிகள் வெறுமையாகக் கிடக்கிற மார்கழியும் தையும்தான் கவுதாரிக்குக் காலம். அறுத்த தாள் கட்டையில் சிந்திய தானியத்துக்கு இறங்கும். இந்தக் காலத்தை விட்டால் அடுத்த ஆடி வரைக்கும் குடிசையில் உலை கொதிக்காது. வரப்பில் அண்டை வெட்டுகிற கூலிக்கு ஒற்றைக் கைக்காரனை யாரும் கூப்பிடமாட்டார்கள். கன்னியம்மாளின் கழனிக் கூலியும் அறுப்போடு நின்றுவிட்டது.

மிச்சம் இருந்தது குட்டி நாய் மட்டும்தான். ரேணிகுண்டாவில் ரயில் கார்டு ஒருவர் வளர்த்த வெள்ளைக்கார ஜாதி நாய்க்கும் ஊர் நாய்க்கும் பிறந்தது. தொங்கு காது, வெள்ளை உடம்பில் செம்மண் திட்டு. பக்கத்துக் குடிசை ரத்னம்மா, ஆடு மேய்க்கிறவள், அதற்கு கார்டம்மா என்று பெயர் வைத்தாள். கேலிக்கு வைத்தது நிலைத்துவிட்டது.

அது துரத்தாது. குரைக்காது. பறவை வாசம் பட்டால் நிற்கும். முன்னங்கால் ஒன்றை மடக்கி, வாலை விறைத்து, மூச்சைக்கூட அடக்கி நிற்கும். அந்த ஜாதிக்கு அது பிறவியிலேயே உண்டு. பதுங்கிய கவுதாரியும் அசையாது. அந்த நேரத்தில் இரண்டு பேர் நீள வலையின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து வந்து, நாய்மேலேயும் புதர்மேலேயும் சேர்த்துப் போர்த்திவிட வேண்டும். எழும்புகிற பறவை கண்ணியில் கழுத்தை மாட்டிக்கொள்ளும். நாய் வலைக்கடியில் படுத்தே கிடக்க வேண்டும். துள்ளினால் வலையும் போயிற்று, நாயும் போயிற்று.

ரங்கன் கவுதாரிச் சிறகு ஒன்றைக் கயிற்றில் கட்டி, கயிற்றைக் கழியில் கட்டி, வாசலில் இழுத்து இழுத்துப் பழக்கினான். சிறகு நின்றால் கார்டம்மாவும் நின்றது. பழைய வலையை மேலே போட்டுப் பார்த்தான். படுத்துக்கொண்டது.

"இன்னொரு முனைய யாரு புடிக்கிறது?" என்றான் ரங்கன்.

"நான் புடிக்கிறேன்."

"பொம்பள எப்பிடிமே வலைக்கி வருவ?"

"பொம்பள களி துன்னாத்தான் கீறா. வரேன்."

கிளம்புவதற்கு முன்னால் அவன் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னான். "புதுசா எறங்குற நாய் நின்னு புடிக்கிற மொத பட்சிய விக்கக் கூடாது, துன்னக் கூடாது. அது கன்னிமாருக்கு. காட்டுல கீற கவுதாரி அத்தினியும் அவுங்க ஏழு பேரு வளக்குற கோழிங்க. மொதல்ல ஒண்ண குடுத்தாத்தான் மத்தத நம்ம கிட்ட விடுவாங்க."

"தெரியும்யா. எம் பேரே அவுங்க பேருதான்."

"பேரு இருந்தா ஆச்சா? குடுக்கப் போறது நீயி. கட்டுக் கட்டின கையோட நான் அவுங்க முன்னால நிக்கக் கூடாது."

பொழுது விடிகிற நேரம். பனி இறங்கி, ஏரிக்கரையே தெரியவில்லை. ரங்கன் இடது கையில் வலையின் ஒரு முனை. கன்னியம்மாள் புடவையை முழங்காலுக்குமேல் செருகிக்கொண்டு மறு முனையைப் பிடித்தாள். கார்டம்மா முன்னால் ஓடியது, மூக்கைக் காற்றுக்குத் தூக்கியபடி. அறுத்த கட்டை காலைக் குத்தியது. பனிக்குள்ளே எங்கேயோ கவுதாரி கத்தியது. கிட்டிட்டீ, கிட்டிட்டீ.

நாய் வளைந்து திரும்பியது. காரைப் புதர் ஒன்றின் முன்னால் நின்றது.

"குனிமே. குனி. நேரா வராத, வளைஞ்சு வா" என்று ரங்கன் மூச்சுக்குள்ளேயே சொன்னான்.

நாயின் முதுகு மயிர் கூட அசையவில்லை. இருவரும் கடந்து போய் வலையை விட்டார்கள். புதர் வெடித்தது. படபடவென்று இறக்கை. வலைக்குள் கொழுத்த கவுதாரி ஒன்று தலைகீழாகத் தொங்கியது. கார்டம்மா அடியில் தாடையைத் தரையில் வைத்துப் படுத்திருந்தது. ரங்கன் ஒற்றைக் கையால் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். கிணற்றில் விழுந்ததற்கு அப்புறம் அவன் சிரித்தது அன்றுதான்.

கன்னிமார் இருந்தது ஏரிக்கு மேலே, புல் மண்டிய மேட்டில். ரங்கன் வரப்பிலேயே நின்றுகொண்டான்.

"நேரா போ. கெழக்கு ஓரத்துல பெரிசா நிக்கும். அதான் அக்கா கல்லு. அது மேல ரத்தத்த வுடு. தலைய நாய்க்குப் போடு. ஒடம்ப அங்கியே பொதைச்சிட்டு திரும்பிப் பாக்காம வந்துடு."

அவள் அங்கே அதற்குமுன் போனதில்லை. வலைக்காரர்கள் மட்டும் போகிற இடம். பனியில் தடவித் தடவிப் போனாள். கிழக்கு ஓரத்தில் இடுப்பளவு கல் ஒன்று நின்றது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அடியில் உடைத்த தேங்காய் ஓடு கிடந்தது. வேறென்ன அடையாளம் வேண்டும். கழுத்தைத் திருகிக் கல்லின் தலையில் ரத்தத்தை விட்டாள். தலையை நாய்க்குப் போட்டாள். அது கல்லின் அடியிலேயே நின்று கடித்துத் தின்றது. உடலைப் புதைத்தாள். நிமிர்ந்தபோது புல்லுக்குள்ளிருந்து யாரோ பார்ப்பது மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் பார்க்கவில்லை.

"ஆச்சா?"

"ஆச்சு."

அடுத்த நாளிலிருந்து ஒன்றும் விழவில்லை.

நாய் நிற்காமல் இல்லை. நின்றது. முன்னைவிட நன்றாக நின்றது. காலை மடக்கி, வாலை விறைத்து, கண் இமைக்காமல். இருவரும் குனிந்து வளைந்து போய் வலையை விடுவார்கள். வலை வெறும் மண்மேல் விழும். புதர்கூட இருக்காது. கட்டை முளைத்த தரை, அவ்வளவுதான். நாய் வலைக்கடியில் படுத்து அந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும். அதே நேரத்தில் நாலு பக்கமும் கவுதாரி கத்தும்.

"ஓடிட்டிருக்கும். ஓடினதுக்கு வாசம் நின்னுக்கீது" என்றான் ரங்கன்.

"தெனமுமா ஓடும்?"

வீட்டில் களியின் அளவு சிறுத்தது. புளிச்சக்கீரையை உப்புப் போட்டு வேகவைத்து அதையே தின்றார்கள். நாய்க்கும் அதுதான்.

ஒருநாள் கார்டம்மா ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றது. பனி விலகியிருந்தது. வலையோடு நெருங்கிப் பார்த்தால், அதன் மூக்குக்கு நேரே கல். இடுப்பளவு கல். உச்சியில் கறுத்துக் காய்ந்த கறை.

கன்னியம்மாள் வலையைக் கீழே விட்டாள்.

"யோவ். இது அக்கா கல்லு. இங்க எப்பிடி வந்திச்சு?"

கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தவன் எழுந்தான். காக்கி அரைக்கால் சட்டை. தோளில் இரும்புச் சங்கிலி. ஆந்திரா தனியாகப் பிரிந்து போய் ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. சத்தியவேடு அந்தப் பக்கம் போகிறது, திருத்தணி இந்தப் பக்கம் வருகிறது என்று முடிவாகி, எல்லைக்கல் நடுகிற கூட்டம் ஒன்று ஏரிக்கு மேலே கூடாரம் போட்டிருந்தது. இவன் அதில் நிலம் அளக்கிற சங்கிலி பிடிக்கிற திருமலை. சித்தூர்ப் பக்கத்து ஆள்.

"அம்மா, இது உங்க சாமி ராயி காது, சாமி கல்லு இல்ல. சர்க்காரு ராயி" என்றான்.

"மஞ்சா பூசி குங்குமம் வெச்சிருந்திச்சே?"

"மொதக் கல்லு இல்லியா? தேங்கா ஒடைச்சி பூஜை போட்டுத்தான் நட்டோம். அப்பறம் எங்க சர்வே துரை அளக்கிற கண்ணாடில பாத்துட்டு, லைன் தப்பு, பீக்கு, புடுங்கி எடுன்னாரு. எடுத்து வந்து இங்க நட்டோம். அது மேல ரத்தம் வுட்டது நீதானா? அடில கோழி மாதிரி என்னமோ பொதைச்சிருந்திச்சி. எங்க ஆளு ஒருத்தன் பாத்துட்டு ரெண்டு நாளு ஜுரத்துல படுத்துட்டான்."

"அந்தப் பட்சி?"

"தெரீலம்மா. கல்ல தூக்கறப்ப இருந்திச்சி. குழி மூடறப்ப இல்ல."

கன்னியம்மாள் மேட்டுக்கு ஓடினாள். கிழக்கு ஓரத்தில் புது மண் மூடிய குழி. பக்கத்தில் புல்லை விலக்கினாள். முழங்காலுக்கும் கீழே, பாசி படிந்து, ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்த மாதிரி ஏழு கல். எண்ணெய் கண்டு நாளாகியிருந்தது. காற்றில் அந்தப் புல் சாயவில்லை. சுற்றியிருந்த புல்லெல்லாம் சாய்ந்தது.

அவள் திரும்பி வந்தபோது ரங்கன் வரப்பில் குந்தியிருந்தான்.

"இன்னாமே செஞ்ச நீயி?"

"பெரிசா நிக்கும்னு நீதான சொன்ன!"

"அவுங்கள்ல பெரிசுன்னு சொன்னேன்."

"பனில எனுக்கு எப்பிடி தெரியும்? ஏழு பேரு இருப்பாங்கன்னு எண்ணிப் பாக்கச் சொன்னியா?"

பிறகு ரங்கன் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னான். "அந்தக் கல்லாண்ட தலைய துன்னுச்சு. ருசி கண்டுக்கிச்சு. கல்லுன்னா கவுதாரின்னு நெனச்சிக்கினு நிக்குது. குட்டிதான. மறந்துடும்."

"கல்லே இல்லாத எடத்துலயும் நிக்குதே?"

பதில் அந்த வாரமே வந்தது. ரத்னம்மாதான் முதலில் பார்த்தாள்.

"ஏ கன்னி, உன் கார்டம்மா அன்னிக்கி எங்க ஆட்டுப்பட்டியாண்ட நின்னுச்சில்ல, நீங்க கூட வெறும் மண்ணுல வலைய போட்டுட்டு போனீங்களே. அதே எடத்துல இன்னிக்கி கல்லு நட்டுட்டாங்கடி."

"எங்க?"

"அதே எடம். வலைக் கயிறு இழுத்த தடம் கூட அழியல. அதுக்கு நடுவுல கல்லு."

கன்னியம்மாள் போய்ப் பார்த்தாள். அப்புறம் நாய் நின்ற மற்ற இடங்களையும் போய்ப் பார்த்தாள். ஓடை முக்கில் கல். பனைமர வரிசையில் கல். வண்ணான் கழனி மூலையில் குழி மட்டும் தோண்டி வைத்திருந்தார்கள். கல் வண்டியில் வந்துகொண்டிருந்தது.

திருமலை வண்டியோடு வந்தான். அவளைக் கண்டதும் ஓரமாக வந்து மெல்லப் பேசினான். "அம்மா, ஒரு உபகாரம் செய்யி. உங்க நாய எங்களுக்கு முன்னால போக விடாத. துரை கண்ணாடில பாத்து கை காட்டறாரு, நான் கொடி பிடிச்சிக்கினு போறேன். போனா அங்க நாலு காலு தடம் இருக்குது. மூணு அழுந்தி, ஒண்ணு அழுந்தாம. எங்களுக்கு முன்னால வந்து நின்னுட்டு போயிருக்குது. தினம் இதே கதை. ஆளுங்க பயப்படறாங்க."

"துரைகிட்ட சொல்றதுதான?"

"சொன்னேன். நாயக் கட்டிப் போடச் சொல்லுன்னாரு."

சேதி ஊருக்குள் பரவியது. கார்டம்மா எங்கே நிற்கிறதோ அங்கே எல்லை விழும் என்று பேசிக்கொண்டார்கள். கழனிக்காரர்கள் நாயைக் கண்டால் கல்லெறிந்தார்கள். "எங்க கெணத்தாண்ட வராத, இட்டுக்கினு போ" என்று கன்னியம்மாளை ஏசினார்கள். ஒருவன் மட்டும் பக்கத்துக் கழனிக்காரன்மேல் இருந்த கோபத்தில், "கொஞ்சம் அவன் கழனிக்கு ஓட்டிக்கினு போயேன், ஒரு மரக்கா கேவுரு தரேன்" என்றான். கன்னியம்மாள் அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு வந்தாள். வீட்டில் அன்று கேழ்வரகு இல்லை.

ரத்னம்மா அதிலும் சிரித்தாள். "உங்க ஊட்டுல நின்னா தேவலடி. அடுப்பு ஆந்திரா, வாசப்படி மெட்ராஸ். களிய கிண்டிட்டு ரயிலு டிக்கெட் வாங்கித் துன்னணும்."

"வாய மூடு" என்றாள் கன்னியம்மாள்.

குடிசை ஏரிப் புறம்போக்கில் இருந்தது. பட்டா கிடையாது. ரங்கனின் நைனா பனையோலை வேய்ந்து உட்கார்ந்த இடம். யார் போ என்றாலும் போகவேண்டியதுதான். ஆனால் இதுவரை யாரும் போ என்று சொன்னதில்லை.

"கடன தீத்துடலாம்யா. மறுபடியும் ஒரு பட்சிய புடிச்சி சரியான கல்லுல குடுத்துட்டா இந்த நிக்கிறது நின்னுடும்" என்றாள் கன்னியம்மாள்.

"சந்தைல ஒண்ண வாங்கிக் குடுக்கலாமா?"

"நீயே சொன்னியே, இந்த நாய் நின்னு புடிக்கணும்னு."

"அது நின்னாத்தான?"

நாயைக் கயிற்றில் கட்டி, கல் நடாத தெற்குப் பக்கமாக ஓட்டிப்போனார்கள். புதருக்குப் புதர் மூக்கைப் பிடித்து நுழைத்தார்கள். கவுதாரி காலடியிலேயே எழும்பிப் போயிற்று. கார்டம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கயிறு போகிற அளவுக்கு வடக்கே இழுத்தது. குடிசை இருந்த பக்கம்.

கயிற்றை விட்டுப் பார்க்கலாம் என்று ரங்கன்தான் அவிழ்த்தான். அது ஓடவில்லை. நடந்தது. மூக்கைத் தூக்கி, காற்றை நக்குகிற மாதிரி, மெதுவாக. இருவரும் பின்னாலேயே போனார்கள். ஏரிக்கரையைத் தாண்டியது. ரத்னம்மா வாசலைத் தாண்டியது. ஆட்டுக்குத் தழை வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை அப்படியே பிடித்துக்கொண்டு எழுந்தாள். சிரிக்கவில்லை.

கார்டம்மா அவர்களுடைய குடிசைக்குள் நுழைந்தது. அடுப்பின் முன்னால் போய், முன்னங்காலை மடக்கி, நின்றது.

ரங்கன் இடது கையால் அரிவாளை எடுத்தான்.

"வுடுயா!"

"இத்த வெட்டிப் போட்டா கல்லு நடுறவங்களுக்கு எடம் தெரியாது."

"அவுங்களுக்கு கண்ணாடி கீது. இத்த வெட்டினா கடன் எப்பிடி தீரும்? இதுகூட இல்லன்னா யார வெச்சி தீப்ப?"

அவன் அரிவாளைக் கூரையில் செருகினான். கன்னியம்மாள் நாயைக் கட்டிப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். தூக்க முடியவில்லை. எலும்பும் தோலுமாக இருந்த குட்டி, நட்ட கல் மாதிரி கனத்தது. அடுப்பில் நெருப்பு இல்லை. ஆனாலும் அந்த மண் வெதுவெதுப்பாக இருந்தது. அவள் காதை வைத்துப் பார்த்தாள்.

"இன்னாமே?"

"ஒண்ணுமில்ல" என்றாள். காதை மட்டும் எடுக்கவில்லை.

திருமலை வந்தபோது பொங்கல் முடிந்திருந்தது. வாசலுக்கு வெளியிலேயே நின்றான். கையில் கொடி.

"நான் என்ன செய்யறது அம்மா. கொடி எங்க நிக்குதோ அங்க ராயி."

"எங்க நிக்குது?"

அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். அடுப்பின் முன்னால் கார்டம்மா நின்றது. அவன் கொடிக் கம்பைக் கீழே போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். நாயைத்தானா அடுப்பையா என்று தெரியவில்லை.

ஓலையைப் பிரித்தார்கள். ரத்னம்மா சட்டிப் பானையைத் தூக்கிக்கொடுத்தாள். அடுப்பைக் கடப்பாரையால் பெயர்த்தபோது அடியில் மண்தான் இருந்தது. ஒரு சிறகுகூட இல்லை. கன்னியம்மாள் விரலால் கிளறிக் கிளறிப் பார்த்தாள். அந்தக் குழியில் கல்லை இறக்கினார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் நின்ற அதே கறை படிந்த கல். லைன் மறுபடியும் தப்பாகிவிட்டதாம்.

பனைமரங்களுக்குக் கீழே புதுக் குடிசை போட்டுக்கொண்டார்கள். அது எந்த ராஜ்யத்தில் இருக்கிறது என்று அவர்கள் கேட்கவில்லை. அங்கே போன அன்று கார்டம்மா சுற்றி மோந்து பார்த்தது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். அது ஓர் இடத்திலும் நிற்காமல் படுத்துவிட்டது.

ஆனால் விடிகிற நேரத்தில் எழுந்து போயிற்று. தினமும் போயிற்று. பழைய குடிசை இருந்த இடத்தில், கல்லின் முன்னால், காலை மடக்கி நின்றது. வெயில் ஏறினதும் திரும்பி வந்தது. கல் நடுகிற கூட்டம் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போன பிறகும் நின்றது.

புத்தூருக்குப் போய்ச் சிம்பை எடுத்துவிட்டு வந்தான் ரங்கன். கை கோணலாகக் கூடியிருந்தது. விரல் மடங்கும், தூக்க வராது. மறுநாள் பனியில் அவர்கள் நாயின் பின்னால் போனார்கள். கல்லைச் சுற்றிப் புல் முளைக்கத் தொடங்கியிருந்தது. கார்டம்மா நின்றது.

அப்போது கேட்டது. கிட்டிட்டீ. மிக அருகில். புதர் எதுவும் இல்லை.

"கேக்குதாயா?"

ரங்கன் தலையசைத்தான். "அன்னிக்கி அடுப்பாண்ட காத வெச்சியே. அப்பவும் இதானா?"

"ம்."

மண்ணுக்குள்ளிருந்து மறுபடியும் கத்தியது. நாயின் காது மட்டும் துடித்தது.

"வலைய எடு" என்றான் ரங்கன்.

கோணல் கையும் நல்ல கையுமாக அவன் ஒரு முனையைப் பிடித்தான். அவள் மறு முனையைப் பிடித்தாள். குனிந்தார்கள். நேராக வராமல் வளைந்து வந்தார்கள். நாயையும் சர்க்கார் கல்லையும் சேர்த்துப் போர்த்தினார்கள். கார்டம்மா தாடையைத் தரையில் வைத்துப் படுத்தது. வலைக் கண்ணிகளில் பனித்துளி ஆடி நின்றது. எதுவும் எழும்பவில்லை. சத்தமும் நின்றுவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து கன்னியம்மாள் வலையைச் சுருட்டினாள். கல்லின் தலையில் சிக்கியதை விடுவித்தாள். மேட்டில் புல்லுக்குள் ஏழு பேரும் உட்கார்ந்திருக்கிற பக்கம் ஒருமுறை பார்த்தாள். இந்தத் தடவை திரும்பிப் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

கன்னிமாருக்கு ஒரு கவுதாரி பாக்கி.